உஷ் சார் எடுத்த வகுப்பு

நூலகருக்கு வாசகர்கள் வைத்த பெயர் உஷ் சார். வேகமாகச் சொல்லிச் சொல்லி அது உஷார் ஆகிவிட்டது. "உஷார் இருக்காரா?", "உஷார் இன்னிக்கு லீவு" என்று வாசலில் பேசிக்கொள்வார்கள். அவர் காதில் விழாது என்று நினைப்பு. முப்பத்தொரு வருடமாக ஓசைகளைப் பிடிப்பதையே தொழிலாகச் செய்தவருக்கு விழாமல் இருக்குமா? விழும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வாழ்க்கையில் ஒருமுறைகூட உஷாராக இல்லாத ஒருவனுக்கு இப்படி ஒரு பெயர் தானாக அமைவது சும்மாவா என்று நினைத்துக்கொள்வார். முதன்முதலில் கணினி வந்தபோது, இதெல்லாம் நாலு நாள் கூத்து என்று தன் இடத்தில் பக்கத்து நூலகரைப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தவர் அவர். அந்தப் பக்கத்து நூலகர் இப்போது இணை இயக்குநர்.

அவருடைய உஷ்ஷில் மூன்று தரம் இருந்தது. நாற்காலியை இழுப்பவருக்கு உதடு மட்டும் குவியும், காற்று வராது. ஒரே செய்தித்தாளை இரண்டு பேர் சேர்ந்து படித்து நாட்டைத் திருத்தத் தொடங்கினால் காற்று வரும். கைப்பேசி அலறினால் மூன்றாவது. அது வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறைதான் வெளியே வரும். வந்தால் கால் மணி நேரத்துக்கு யாரும் பக்கம்கூடப் புரட்டமாட்டார்கள். புத்தகம் அடுக்குவதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இலாகாவில் நிறைய உண்டு. உஷ் சொல்வதில் அவருக்கு நிகர் கிடையாது. பதவி உயர்வுப் படிவத்தில் இதை எழுத இடம் விடவில்லை என்பதுதான் குறை.

பிறரை அடக்கி அடக்கி அவருடைய குரலும் அடங்கிப்போயிருந்தது. "சார், கூப்பிட்டீங்களா, ஃபேன் சத்தமா?" என்பாள் இருபது வருடமாக அங்கே வேலை பார்க்கும் உதவியாளர் அம்மா. வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில், "அப்பா, பேசுறீங்களா, மூச்சு விடுறீங்களா?" என்பாள். மனைவி பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். அதற்குப் பிறகும் அவளிடம் மிச்சம் இருந்தது.

பிறகு இயந்திரங்கள் வந்தன. முதலில் வந்தது புத்தகம் பதியும் பெட்டி. வாசகரே புத்தகத்தை அதன் மேல் வைத்தால் பச்சை விளக்கு எரியும், எடுத்துக்கொண்டு போகலாம். அவர் மேசைக்கு வர வேண்டியதில்லை. முதல் வாரம் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தான்தான் அனுமதி கொடுப்பதுபோல ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். இரண்டாம் வாரம் ஒரு பெண் அவரைக் காவலாளி என்று நினைத்துத் தன் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து வந்தது, நடுக்கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு தூண். முன்னால் நின்று என்ன வேண்டும் என்று சொன்னால், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று அதுவே சொல்லும். மக்கள் அதன் முன் நின்று கத்தினார்கள். அவர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் நின்று, "தோட்டக்கலை" என்றார். "மன்னிக்கவும், கேட்கவில்லை" என்றது தூண். மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாம் முறை சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நுரையீரல் நோய்கள். ஒன்பதாம் அலமாரி, மூன்றாம் தட்டு" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி அது சொன்னது.

உதவியாளர் அம்மா உள்ளறையிலிருந்து தலையை நீட்டினாள். "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க சார்."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சுற்றறிக்கை வந்ததுதான் வினை. நூலகங்கள் இனி தகவல் மையங்கள் என்றது அது. மக்கள் கூடிப் பேசும் இடமாக அவை மாற வேண்டும். நூலகர்கள் இனி வழிகாட்டிகள். ஒவ்வொருவரும் பொதுமக்களுக்குக் கைப்பேசி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். தேறியவர்கள் அங்கேயே தொடரலாம். தேறாதவர்களுக்கு மத்தியக் கிடங்கு. கிடங்கு என்பது ஊருக்கு வெளியே, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஒரு தகரக் கொட்டகை. நூலகங்கள் கழித்துவிட்ட புத்தகங்கள் அங்கே வந்து கட்டுக்கட்டாகக் காகிதக் கூழ் ஆலைக்குப் போகும். பார்த்துக்கொள்ள ஒரே ஆள். வாசகர் என்ற பேச்சே கிடையாது.

படித்ததும் அவருக்கு, இது சொர்க்கமாயிற்றே என்றுதான் முதலில் தோன்றியது. நாற்காலி இழுக்க ஆள் இல்லை, நாட்டைத் திருத்த ஆள் இல்லை. ஒரு பகல் முழுக்க அந்தச் சொர்க்கத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். மாலையில்தான் உறைத்தது. ஆளே இல்லாத இடத்தில் யாரைப் பார்த்து உஷ் சொல்வது? இத்தனை வருடமும் அமைதியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தவர், அதைக் கெடுக்க வருகிறவர்களுக்காகத்தான் தினமும் காலையில் கதவைத் திறந்திருக்கிறார் போல. ஐம்பத்தைந்து வயதில் ஒருவனுக்குத் தன்னைப் பற்றித் தெரியவரும் செய்தி இவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டது.

"எனக்கு அங்க போகப் பிடிக்கல" என்றார் மனைவியிடம்.

"என்ன?"

"அங்க போகப் பிடிக்கலன்னேன்."

"எங்க போகணும்? சட்டை எடுத்து வைக்கவா?"

நாலாவது முறையில் அவளுக்கு விஷயம் விளங்கியது. மறுநாள் காலையே மொட்டைமாடியில் பயிற்சி தொடங்கிவிட்டது. அவள் தண்ணீர்த் தொட்டியருகே விசிலோடு நின்றாள். அவரைப் படிக்கட்டுக் கதவருகே நிறுத்தினாள். அவர், "அனைவருக்கும் வணக்கம்" என்றார். விசில் ஒலித்தது. கேட்கவில்லை என்று அர்த்தம்.

"தொண்டையை விடுங்க. வயித்துலருந்து பேசுங்க."

"வயித்துல ஒண்ணும் இல்ல. நீ இன்னும் டிபன் தரல."

"இது மட்டும் எப்படி எனக்குக் கேக்குது?"

ஒன்பதாவது வணக்கத்துக்கு, பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பி, "வணக்கம் சார்" என்றார். நூலகருக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கி வரும்போது மனைவிதான் சொன்னாள், அந்த ஆள் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், இவரைப் பார்த்ததால் சொன்ன வணக்கம் அது என்று. அவள் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

வகுப்புக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். கைப்பேசி கற்றுக்கொள்ள வந்தவர்கள் அதில் குறைவு. ஊமைப்படம் பேசத் தொடங்கியபோது கூடிய கூட்டம் மாதிரி, உஷார் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு வந்தவர்களே அதிகம். முன்வரிசையில் பூட்டுக்கடைக்காரர் கால்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருக்கும் அம்மா. கடைசி வரிசையில் மேற்பார்வையாளர், நாற்பது வயதுப் பெண்மணி, மடியில் கைக்கணினி. உதவியாளர் அம்மா நூலகரின் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டாள். "ஒலியை முழுசா ஏத்தி வச்சிருக்கேன் சார். இதுக்கு மேல நீங்கதான்."

முழுசாக ஏற்றியும் அவர் குரல் தட்டுத்தடுமாறித்தான் கடைசி வரிசை வரை போனது. "முதல்ல கடவுச்சொல்" என்று தொடங்கினார்.

"கடவுள் சொல்லா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அவரு நம்மகிட்ட ஏன் சொல்றாரு?"

சிரிப்பு எழுந்தது. பூட்டுக்கடைக்காரர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "சாவி தொலைஞ்சா என்கிட்ட வாங்க, நான் பூட்டை உடைச்சுத் தர்றேன். இந்தச் சொல் தொலைஞ்சா யாரை உடைக்கிறது? அதைச் சொல்லுங்க."

"நான் பிறந்த வருஷத்தைத்தான் வச்சிருக்கேன்" என்றார் ஒருவர்.

"அதை வெளிய சொல்லாதீங்க" என்றார் நூலகர்.

"ஏன், என் வயசு ஊருக்கே தெரியுமே."

"எங்க வீட்டுல எல்லாத்துக்கும் ஒரே சொல்தான். அது என்னன்னுதான் யாருக்கும் ஞாபகம் இல்ல."

ஆளுக்கு ஆள் பேசினார்கள். கூடம் சந்தைபோல் ஆகிவிட்டது. மேற்பார்வையாளர் முதன்முறையாகச் சிரித்து, கைக்கணினியில் எதையோ வேகமாகக் குறித்தார். நூலகருக்கு அது தெரிந்தது. தான் தேறிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. சரியாக அந்த நேரத்தில் ஒரு கைப்பேசி பாட்டோடு அலறியது.

அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் உதடுகளைக் கையால் பொத்தியிருப்பார். மூன்றாம் தரம், முழுத் தரம், காலர் மைக் வழியாக நான்கு ஒலிபெருக்கிகளிலும் வெளியே வந்தது. பெரிய பேருந்து நின்று காற்றை விடுவதுபோல இருந்தது.

கூடம் அப்படியே உறைந்தது. பூட்டுக்கடைக்காரர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார், நல்லவேளையாக அங்கே நாற்காலி இருந்தது. கைப்பேசி மேற்பார்வையாளருடையது. அவர் அதைப் பைக்குள் திணித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பேசுங்க" என்றார் நூலகர்.

யாரும் பேசவில்லை.

"பேசலாம். தப்பில்ல. பேசுங்க."

முப்பத்தொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத சொல். ஏதோ சோதனை வைக்கிறார் என்று எல்லோரும் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டார்கள். செய்து வைத்த வேலையின் தரம் அப்படி. அவர் முன்வரிசைப் பக்கம் குனிந்து, பூட்டுக்கடைக்காரருக்கு மட்டும் கேட்கட்டும் என்று, "நீங்க யாரும் பேசலைன்னா என்னைக் கிடங்குக்கு அனுப்பிடுவாங்க" என்றார். காலரில் மைக் இருப்பதை மறந்துவிட்டார். அவருடைய ரகசியம் முதன்முறையாகக் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது.

பூட்டுக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "சார், எனக்கு ஒரு சந்தேகம். இந்த போன்... இது வந்து... எந்தக் கடையில வாங்கினது?"

"அது உங்க போனுங்க."

"ஆமா. அதான் கேக்கிறேன்."

"மழை வருமான்னு இதுல தெரியுமாமே?" என்றார் வயது சொன்னவர்.

"ஜன்னல்லயே தெரியும், உக்காருங்க" என்றார் இன்னொருவர். பிறகு தான் காரியத்தைக் கெடுத்துவிட்டது நினைவுக்கு வந்து, "இல்ல, கேளுங்க, நல்ல கேள்வி" என்றார்.

மேற்பார்வையாளர் எழுந்து நின்றார். "எனக்காக யாரும் கேக்க வேணாம். நிஜமாவே சந்தேகம் இருக்கிறவங்க மட்டும் கேளுங்க போதும்."

தையல்கார அம்மா விரலைப் பாதி தூக்கி, கிட்டே வரும்படி நூலகருக்குச் சைகை காட்டினாள். அவர் போனார். அவள் அவருடைய காலரைப் பார்த்தாள். அவர் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என் தங்கச்சி நம்பர் சார்" என்றாள், மூச்சுக் காற்றில். "நான் அவளை பிளாக் பண்ணி வச்சிருக்கேனாம். அவ வீட்டுக்காரர் போன வாரம் வந்து திட்டிட்டுப் போனாரு. நான் பண்ணல. கை பட்டிருக்கும். ஒன்றரை வருஷமா அவ ஒரு போன்கூடப் பண்ணல, திமிரு பிடிச்சவன்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன். அவளும் என்னை அப்படியேதான் நினைச்சிருக்கா."

"வீட்டுல பையன் இருக்காரே, கேக்கலையா?"

"சிரிப்பான். அப்புறம் நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிப்பான்."

அந்தச் சங்கதி கைப்பேசியில் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. அந்த முகத்தை எடுத்து மாட்டிப் பார்த்தார். அவள் தன்னையே பார்ப்பதைக் கண்டு கழற்றிவிட்டார். "எனக்கும் தெரியலம்மா. தேடிப் பாப்போம்."

தட்டு மாறி வைத்த புத்தகத்தைத் தேட அவருக்குத் தெரியும். இங்கே இருக்காது என்று எதையும் தாண்டக் கூடாது. மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக. அப்படியே போனார்கள். எழுத்தின் அளவு, திரையின் வெளிச்சம், அழைப்பு மணி, ஒவ்வொன்றையும் திறந்து, பார்த்து, மூடி. ஒரு இடத்தில் கைவிளக்கு எரிந்து அவர் கண்ணைக் கூசவைத்தது. ஒரு இடத்தில் கைப்பேசி வேறு மொழிக்கு மாறிவிட்டது, அதைத் திருப்பிக் கொண்டுவரவே மூன்று நிமிடம். கடைசியில் ஒரு பட்டியல் திறந்தது. ஆறு எண்கள்.

"இதோ இவ" என்றாள். நாலாவதாக இருந்தாள் தங்கை. அவர் விடுவித்தார்.

"ஆறாவது நம்ம நூலக நம்பராச்சே?"

"அது தெரிஞ்சேதான் பண்ணேன் சார். புத்தகத்தைத் திருப்பிக் குடு, திருப்பிக் குடுன்னு மெஷின் போன் பண்ணிட்டே இருக்கு."

அவள் கைப்பேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவர் எழுந்தபோது முழங்கால்கள் சத்தமாகவே நெட்டி முறித்தன. கூட்டத்தில் பாதிப் பேரைக் காணவில்லை. மீதிப் பேருக்குப் பூட்டுக்கடைக்காரர் ஏதோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் பின்னாலேயே நின்றிருந்தார்.

"பதினோரு நிமிஷம் சார். பதினெட்டுப் பேரை விட்டுட்டு ஒருத்தர்கிட்ட."

"ஆமா மேடம்."

"நடுவுல உஷ்னு வேற சொன்னீங்க."

"உங்க போன்னு தெரியாது மேடம்."

"தெரிஞ்சிருந்தா?"

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "கொஞ்சம் சின்னதாச் சொல்லியிருப்பேன்."

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. கைக்கணினியைத் திருப்பிக் காட்டினார். "தேறுறதுக்கு நாலு மார்க் குறையுது. வாசகர் ஒருத்தர் கேட்ட கேள்வி, நீங்க தீர்த்து வச்ச விதம், அதை இங்க எழுதினா அஞ்சு மார்க். அந்தம்மா என்ன கேட்டாங்க?"

சொல்லிவிடலாம். நல்ல கதை வேறு. ஒன்றரை வருடக் கோபம், நாலாவது எண், பதினோரு நிமிடம். ஊரே கேட்கிற மாதிரி சொல்லத்தக்க ஒரு விஷயம் முதன்முறையாக அவர் கைவசம் இருந்தது. தகரக் கொட்டகையையும் நினைத்துப் பார்த்தார். பேருந்து மாறும் இடத்தில் நிழல்கூட இல்லை.

"அது அவங்க சொந்த விஷயம் மேடம்."

"என்ன?"

"சொந்த விஷயம்னேன்."

"பேர் போட வேண்டாம். கேள்வி மட்டும்."

"இங்க வந்திருந்த எல்லாருக்கும் கேட்டது யாருன்னு தெரியுமே மேடம்."

மேற்பார்வையாளர் நின்றபடியே எதையோ எழுதினார். நீளமாக எழுதினார்.

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. வகுப்பில் தேறவில்லை. வழிகாட்டிப் பதவிக்கு, இயற்கையிலேயே மைக் தேவைப்படாத ஒரு நூலகர் வேறொரு கிளையிலிருந்து வருகிறார். இவருக்கு இரண்டு படி கீழே, யாரும் விண்ணப்பிக்காத ஒரு வேலை: தனி உதவி மேசை. நாலு பேர் முன்னால் கேட்கத் தயங்குகிறவர்களுக்குத் தனியாக உட்கார்ந்து சந்தேகம் தீர்க்க வேண்டும். இடம், இதே கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே, கழிப்பறைக்கு அடுத்து. காரணம் என்ற இடத்தில் மேற்பார்வையாளருடைய வரி இருந்தது. வாசகரின் சொந்தச் செய்தியை வெளியிட, மதிப்பெண் குறையும் என்று தெரிந்தும் மறுத்தார்.

மனைவி இரண்டு முறை படித்தாள். "கிடங்கு இல்லையே. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"கீழ இறக்கிட்டாங்க."

"நீங்க எப்ப மேல இருந்தீங்க?"

இரண்டு தோசை தின்று முடியும் வரை அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

புது மேசையில் முதல் நாள் பதினொரு மணி வரை யாரும் வரவில்லை. தலைக்கு மேல் படிக்கட்டில் ஏறுகிறவர்களின் காலடியை எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் மேசையருகே மூன்று பேர் வந்து நின்றார்கள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, நிமிர்ந்தார். நாலாவதாக வந்தவர், "வரிசை எதுக்குங்க?" என்று கேட்டார்.

கழிப்பறைக்கு என்றார்கள் இரண்டு பேர். மூன்றாமவர் மட்டும் பேசவில்லை. வாட்டசாட்டமான ஆள், லாரி ஓட்டுகிறவராக இருக்கலாம், நூலகத்துக்குள் இதுவரை பார்த்ததில்லை. மற்றவர்கள் போகும் வரை சுவரில் இருந்த அறிவிப்பைப் படிப்பதுபோல நின்றார். பிறகு மேசையின் மேல் குனிந்து ஏதோ சொன்னார். நூலகருக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"என்ன சார்?"

"சத்தமாச் சொல்லுங்கன்னேன்."

அந்த ஆள் கழிப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முன்னைவிட மெதுவாகச் சொன்னார். நூலகர் எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு போய், தன் காதை அவருடைய வாயருகே வைத்தார்.